ராத்திரியிலும் ஆறாத வீடுகள்: ஆந்திர எல்லையோரத்தில் குடியேறுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

சித்திரை பிறந்துவிட்டால் மாலைச் செய்தியில் ‘சதமடித்த’ ஊர்களின் பட்டியல் வரத் தொடங்கும். சதம் என்றால் நூறு டிகிரி ஃபாரன்ஹீட், செல்சியஸ் கணக்கில் 37.8. அந்தப் பட்டியலில் திருத்தணியும் வேலூரும் விட்டுப்போகும் நாள் குறைவு. பள்ளிப்பட்டு, நகரியில் தொடங்கி ஊத்துக்கோட்டை, சத்தியவேடு வழியாகக் கும்மிடிப்பூண்டி, தடா வரை நீளும் இந்த எல்லைப் பகுதிக்கு வெயில் புதிதில்லை. கத்திரியில் உச்சிவேளைக்கு வெளியே தலைகாட்டாமல் இருப்பது, சாயங்காலம் வாசல் தெளிப்பது, ராத்திரி திண்ணையிலோ மொட்டை மாடியிலோ பாய் விரிப்பது. இப்படித்தான் அந்த நான்கு வாரத்தை இங்கே தலைமுறை தலைமுறையாகக் கடத்தினார்கள்.

அந்த வழக்கம் இப்போது கைகொடுப்பதில்லை. கும்மிடிப்பூண்டியிலும் தேர்வாய்கண்டிகையிலும் சிப்காட் வளாகங்கள், எல்லைக்கு அந்தப் பக்கம் 2008இல் தொடங்கிய ஸ்ரீசிட்டி தொழில் நகரம் என்று வேலை பெருகிவிட்டது. டைகினும் ப்ளூ ஸ்டாரும் நாட்டுக்கே ஏ.சி. செய்து அனுப்புவது இந்தச் சத்தியவேடு மண்ணிலிருந்துதான். 2022இல் சென்னைப் பெருநகர எல்லையை 1,189 சதுர கி.மீ.யிலிருந்து 5,904 சதுர கி.மீ.க்கு விரித்தபோது கும்மிடிப்பூண்டி, அரக்கோணம் வரை அதற்குள் வந்தன. வேலை வந்ததில் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் வெயிலைத் தாங்கிக்கொள்ள உதவிய நிழல், கிணறு, காற்றோட்டமான வீடு மூன்றையும் அதே வளர்ச்சி எடுத்துக்கொண்டது. பறிபோனதற்கு ஈடாக ஒவ்வொரு குடும்பமும் கரண்ட் பில்லாக, தண்ணீர் லாரிக் காசாக, வீட்டு வாடகையாக மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறது.

முதலில் வெயிலையே பார்ப்போம். எழுபத்தைந்து கி.மீ. தொலைவுக்குள் இங்கே இரண்டு வகை வெக்கை உண்டு. எந்தப் பக்கம் வீடு பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்து வாங்கவேண்டிய சாதனமே மாறும்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து கடல் நேர்க்கோட்டில் இருபது கி.மீ. அளவுதான். முற்பகலில் நிலம் கடலைவிடச் சூடேறியதும் கடற்காற்று உள்ளே வரும், ஏறிக்கொண்டிருந்த வெப்பம் அங்கேயே நின்றுவிடும். மே கடைசியில் மேற்குக் காற்று வலுத்தால் அது கடற்காற்றை எதிர்த்துத் தள்ளும். காற்று பதினொரு மணிக்கு வராமல் இரண்டு மணிக்கு வந்தால் அன்றைக்கு வெப்பம் நான்கைந்து டிகிரி கூடிவிடும். திருத்தணி கடலிலிருந்து சுமார் 75 கி.மீ. உள்ளே இருக்கிறது. அங்கே கடற்காற்று போய்ச் சேரவே பொழுது சாய்ந்துவிடும், பல நாள் சேர்வதே இல்லை. மேற்கே மைசூர் பீடபூமி சுமார் 900 மீட்டர் உயரம். அங்கிருந்து சித்தூர் வழியாக இறங்கி வரும் காற்று, 100 மீட்டர் இறங்கினால் ஒரு டிகிரி என்ற கணக்கில் சூடாகிக்கொண்டே வரும். நகரி மலையின் பாறை வெக்கையும் அதோடு சேர்ந்துகொள்கிறது. திருத்தணியில் அடிப்பது வறண்ட அனல், கும்மிடிப்பூண்டியில் வியர்வை காயாத புழுக்கம்.

இதை வைத்துத்தான் ஏர்கூலரா ஏ.சி.யா என்று முடிவு செய்யவேண்டும். கூலர் தண்ணீரை ஆவியாக்கிக் காற்றைக் குளிர்விக்கிறது. திருத்தணியில் 41 டிகிரி வெயில், ஈரப்பதம் 25 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், நல்ல கூலர் 28, 29 டிகிரிக் காற்றைத் தரும். ஜன்னலைத் திறந்து வைத்தால் இரவு முழுக்கத் தாக்குப்பிடிக்கலாம். கும்மிடிப்பூண்டியில் வெப்பம் 36தான், ஆனால் ஈரப்பதம் 60 என்றால் அதே கூலர் 31 டிகிரிக்குக் கீழே போகாது. அதுவும் சொதசொதவென்று ஈரமேறிய காற்றாக வரும், உடம்பு ஒட்டும், கதவும் துணியும் பூஞ்சை பிடிக்கும். திருத்தணிச் சொந்தக்காரர் சொன்னாரே என்று கூலர் வாங்கிவந்து, அடுத்த மாதமே ஏ.சி. தவணை கட்டுகிற குடும்பங்கள் கடற்கரைப் பக்கம் நிறைய.

கூலர் வாங்கினாலும் உப்புத் தண்ணீர் ஊற்றக்கூடாது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். உப்பு தொட்டியிலேயே நின்று, காற்று நுழையும் ஈர அட்டையான பேடின் துளைகளை அடைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை தொட்டியை முழுக்கத் திறந்துவிட்டுப் புதுத் தண்ணீர் பிடிக்காவிட்டால் ஒரே கோடையில் பேட் கல்லாகிவிடும்.

கூரை செய்யும் வேலை

இந்தப் பகுதியில் கடந்த பதினைந்து ஆண்டுகளில் எழுந்த வாடகை வீடுகளில் பெரும்பாலானவை ஒரே அச்சு: ஹாலோ பிளாக் சுவர், நாலரை அங்குல கான்கிரீட் தளம், தளத்தின் மேல் ஒன்றுமில்லை. மேலே இன்னொரு மாடி எடுக்கலாம் என்று கம்பியை நீட்டிவிட்டு, மேல்பூச்சு போடாமல் அப்படியே வாடகைக்கு விட்டுவிடுகிறார்கள். மே மாதப் பிற்பகலில் மொட்டைத் தளத்தின் மேல்பரப்பு 60 டிகிரியை எட்டும். கான்கிரீட் அந்தச் சூட்டை உள்வாங்கி மெதுவாகக் கீழே இறக்கும். உச்சிவெயில் இரண்டு மணிக்கு என்றால், அறையின் உட்கூரை உச்ச சூட்டுக்கு வருவது சாயங்காலத்துக்கு மேல். ராத்திரி பத்து மணிக்குக் கட்டிலில் ஏறி நின்று உள்ளங்கையைக் கூரையில் வைத்தால் இஸ்திரி போட்ட துணி போலச் சுடும். அந்தக் கூரைக்கு ஓரடி கீழே சுற்றும் மின்விசிறி அந்தச் சூட்டைத்தான் கீழே தள்ளுகிறது. வெளியே காற்று 29 டிகிரிக்கு இறங்கிய பிறகும் உள்ளே 34 நிற்பதற்கு இதுதான் காரணம்.

முன்பு தளம் போட்டால் அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று அங்குலத்துக்குக் கொட்டி, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்கி, மேலே தட்டை ஓடுகளைப் பதிப்பார்கள். சுருக்கி போடுவது என்று கொத்தனார்கள் சொல்வது இதைத்தான். தண்ணீர் இறங்காமல் காப்பதோடு, வெயிலுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே ஒரு மெத்தை போலவும் அது இருந்தது. ஆள்கூலி ஏறியதாலும், வீட்டைச் சீக்கிரம் முடித்து வாடகைக்கு விடும் அவசரத்தாலும், அந்த வேலை தெரிந்த கைகள் குறைந்ததாலும் அது கைவிடப்பட்டது. வீடு கட்டுகிறவர்களுக்கு எங்கள் யோசனை: வேறெதில் குறைத்தாலும் இதில் குறைக்காதீர்கள். சுருக்கிக்கு ஆள் கிடைக்கவில்லை என்றால் வெள்ளை கூலிங் டைல்ஸ் பதிக்கலாம். ஆனால் டைல்ஸ் இடுக்குகளைச் சரியாக அடைக்காமல் விட்டால் மழை நீர் அடியில் தேங்கி, இரண்டு மழைக்காலத்தில் தளம் ஒழுகும்.

ஏற்கெனவே கட்டிய வீட்டுக்கு மலிவான வழி வெள்ளைச் சுண்ணாம்புதான். 500 சதுர அடித் தளத்துக்கு 10 கிலோ சுண்ணாம்பை முந்தின நாளே ஊறவைத்து வடிகட்டி, ஒரு கிலோ வெள்ளை சிமென்ட்டும் அரை கிலோ பசையும் கலந்து இரண்டு கோட் அடிக்கவேண்டும். முதல் கோட் காய்ந்த பிறகே அடுத்தது. தளத்தில் பாசியோ தூசியோ இருக்கும்போது அடித்தால் பொருக்குப் பொருக்காக உரிந்துவிடும், எனவே கழுவிக் காயவிட்டுத் தொடங்குங்கள். மாசி முடிவதற்குள் அடித்துவிடுவது நல்லது. புதுச் சுண்ணாம்பு விழுகிற வெயிலில் முக்கால் பங்குக்கு மேல் திருப்பி அனுப்பும். இரும்பு உருக்கும் ஆலைகளின் கரித்தூசி படியும் ஊர்களில் ஒரே மாதத்தில் அது சாம்பல் நிறமாகிவிடும், பதினைந்து நாளுக்கு ஒருமுறை துடைப்பத்தால் கழுவினால்தான் பலன் நிற்கும். சாயங்காலம் தளத்தில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவது பலருக்கும் வழக்கம். சூடேறிக் கிடக்கும் கான்கிரீட்டில் திடீரென்று தண்ணீர் கொட்டினால் மெல்லிய வெடிப்புகள் பெரிதாகும். தண்ணீருக்கே தவிக்கும் ஊரில் அது இன்னொரு செலவும்கூட.

லைன் வீடுகளின் நிலை இதைவிட மோசம். பத்துக்குப் பத்து அறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டோ தகரமோ, ஒரே பக்கம் ஜன்னல். ஷீட் சூட்டைத் தேக்கி வைக்காது என்பதால் ராத்திரி சீக்கிரம் ஆறும், பகலில் மட்டும் அடுப்பு. அந்தப் பகலில்தான் அங்கே ஆட்கள் தூங்கவேண்டியிருக்கிறது. தொழிற்சாலைகளில் ஷிப்ட் பெரும்பாலும் காலை 6, மதியம் 2, இரவு 10 என்று மாறும். ராத்திரி ஷிப்ட் முடித்துக் காலை ஏழு மணிக்கு வந்து படுப்பவருக்குப் பத்து மணி வரைதான் தூக்கம். அதற்கு மேல் ஷீட்டின் அனல் நேரே முகத்தில் இறங்கும். ஆறு நாள் தொடர்ந்து மூன்று மணி நேரத் தூக்கத்தோடு பிரஸ் மிஷின் முன்னால் நிற்பவரின் கை எப்போது தவறும் என்று சொல்லமுடியாது. ஷீட் வீட்டுக்கு ஏ.சி. போட்டும் பயனில்லை, குளிர் நிற்காது. உள்ளே ஓரடி இடைவெளி விட்டு ஒரு பொய்க்கூரை, அந்த இடைவெளியில் காற்று போய்வர இரு பக்கமும் துளை, ஷீட்டின் மேல் வெள்ளை அடிப்பு. வீட்டுக்காரர் சம்மதித்தால் இவ்வளவு போதும், நிலைமை ஓரளவு மாறும்.

பில் எங்கே எகிறுகிறது

ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏ.சி.யை 24, 25 டிகிரியில் வைத்து இரவு எட்டு மணி நேரம் ஓட்டினால் ஏழெட்டு யூனிட் ஆகும். மேலே சொன்ன வெற்றுத் தளத்துக்கு அடியில் ஓடும் ஏ.சி. கம்ப்ரஸரை ஓய்வெடுக்க விடாது, பத்து யூனிட்டைத் தொடும். தமிழ்நாட்டில் கணக்கெடுப்பு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. அறுபது நாளில் ஏ.சி. மட்டுமே 450 முதல் 600 யூனிட். ஃப்ரிட்ஜ், மின்விசிறி, மோட்டார் எல்லாம் சேர்த்து 250 என்றால் மொத்தம் 700, 850. இங்கே 500 யூனிட் என்பது ஒரு படி. அதற்குள் இருப்பவர்களுக்கு 101 முதல் 200 யூனிட் வரை கிடைக்கும் குறைந்த கட்டணம், 500ஐத் தாண்டினால் கிடைக்காது. தாண்டிய யூனிட்டுகளுக்கும் ஒவ்வொரு நூறு, இருநூறுக்கும் விலை ஏறிக்கொண்டே போகும். ஆகவே ஏப்ரல், மே இரண்டும் ஒரே பில்லில் விழும் வீட்டுக்கும், மார்ச்சும் ஏப்ரலும் ஒன்றாக விழும் வீட்டுக்கும், ஒரே உபயோகத்திலும் தொகை வேறுபடும். ஆந்திரப் பக்கம் மாதாமாதம் கணக்கெடுப்பதால் இந்த அதிர்ச்சி சற்றுப் பரவலாக வரும்.

வாடகை வீட்டில் சப் மீட்டர் வைத்து, எத்தனை யூனிட் ஆனாலும் ஒரே விலை என்று வசூலிப்பது இங்கே சாதாரணம். நூறு யூனிட் இலவசமும் மானியமும் அப்போது குடியிருப்பவருக்கு வந்து சேராது. வீடு பேசும்போதே தனி இணைப்பு உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

2024 மே 2ஆம் தேதி தமிழ்நாட்டின் மின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. மாநில அளவில் மின்சாரம் இருந்தாலும் தெரு டிரான்ஸ்பார்மர் தாங்கவேண்டுமே. வயல் மோட்டாருக்கும் ஐம்பது வீட்டுக்கும் என்று வைத்த டிரான்ஸ்பார்மரில் மூன்று லேஅவுட்டுகள் சேர்ந்துகொண்டால், ராத்திரி பத்தரைக்கு எல்லா ஏ.சி.யும் ஒன்றாக ஓடும்போது வோல்டேஜ் 180க்கு இறங்கும், விசிறி தவழும், கடைசியில் ஃபியூஸ் போகும். புழுக்கத்தின் உச்சத்தில்தான் மின்தடையும் வருகிறது. ஒரு வீட்டில் ஏ.சி. போடும்போது அனுமதிக்கப்பட்ட மின்பளுவை உயர்த்தி எழுதிக்கொடுப்பது சட்டத்துக்கு மட்டுமல்ல, அந்தத் தெருவுக்குப் பெரிய டிரான்ஸ்பார்மர் கேட்கவும் அதுதான் ஆதாரம். பெரும்பாலோர் செய்வதில்லை.

தண்ணீர்

ஆரணியாறும் கொசஸ்தலையாறும் ஓடும் இந்த நிலம் ஒரு காலத்தில் ஊற்று நிலம். ஊத்துக்கோட்டை என்ற பெயரிலேயே ஊற்று இருக்கிறது. 1960களின் பிற்பகுதியில் சென்னையின் குடிநீருக்காக மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் ஆழ்குழாய்க் கிணறுகள் வரிசையாக இறங்கின. ஆற்று மணலில் தேங்கிய நன்னீரை மழை நிரப்பும் வேகத்தைவிட அதிகமாக இறைத்ததால், கடல் நீர் நிலத்தடி வழியாக உள்ளே நகர்ந்தது. மீஞ்சூர்ப் பக்கம் சுமார் 15 கி.மீ. வரை உப்பு ஏறிவிட்டது. அதே மீஞ்சூருக்குப் பக்கத்தில் காட்டுப்பள்ளியில் 2010இல் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். அதுவும் சென்னைக்கு.

ஆந்திரத்திலிருந்து வரும் கிருஷ்ணா நீரும் இந்த ஊர்களைத் தாண்டித்தான் போகிறது. 1983 ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 12 டி.எம்.சி., ஜூலை முதல் அக்டோபர் வரை 8, ஜனவரி முதல் ஏப்ரல் வரை 4. முதல் தண்ணீர் எல்லைக்கு வந்தது 1996இல். கண்டலேறு அணையிலிருந்து ஊத்துக்கோட்டை அருகே கால்வாய் தமிழ்நாட்டுக்குள் நுழையும் ஜீரோ பாயின்ட் வரை 152 கி.மீ., அங்கிருந்து பூண்டி ஏரிக்கு இன்னும் 25 கி.மீ. திறந்த கால்வாயில் இவ்வளவு தூரம் வெயிலில் வரும் தண்ணீரில் ஆவியாவதும் வழியில் இறைக்கப்படுவதும் போக மிச்சம்தான் சேரும், ஒப்பந்தத்தின் முழு அளவு வருவது அரிது. 2020இல் திறந்த கண்ணன்கோட்டை - தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் அரை டி.எம்.சி. கொள்ளும். அதற்கும் தண்ணீர் இந்தக் கால்வாயையும் பருவமழையையும் நம்பித்தான். 2019 ஜூனில் சென்னையின் ஏரிகள் வற்றி, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தபோது, திருவள்ளூர் மாவட்ட விவசாயக் கிணறுகளிலிருந்தும் லாரிகள் இரவு பகலாக ஏற்றிச் சென்றன. லாரி போன தெருவிலேயே பெண்கள் குடத்தோடு நின்றார்கள்.

வீட்டுக் கணக்கு இப்படி. ஒரு ஆளுக்கு 135 லிட்டர் என்ற நகர அளவை எடுத்துக்கொண்டால் நான்கு பேருக்கு நாளொன்றுக்கு 540 லிட்டர். 12,000 லிட்டர் லாரி ஒரு குடும்பத்துக்கு 22 நாள் வரும். பத்துக் குடித்தனம் உள்ள லைன் வீட்டுக்கு இரண்டே நாள்தான். அதனால்தான் வீட்டுக்காரர்கள் காலையில் ஒரு மணி நேரம் மட்டும் மோட்டார் போடுகிறார்கள். வாடகை பேசும்போது ‘24 மணி நேரத் தண்ணீர்’ என்ற சொல்லை நம்பாமல், போர் எத்தனை அடி, மே மாதத்தில் எவ்வளவு நேரம் தொடர்ந்து ஓடும் என்று கேட்கவேண்டும். பள்ளிப்பட்டு, திருத்தணிப் பக்கம் அடியில் பாறை. பாறை வெடிப்பில் தேங்கிய தண்ணீர்தான் போரில் வருகிறது. வெடிப்பு வற்றினால் 500 அடி போட்டாலும் தூசிதான். தண்ணீர் இறங்கியது தெரியாமல் மோட்டாரை ஓடவிட்டால் காயில் கருகிவிடும், தண்ணீர் இல்லாதபோது தானே நிறுத்தும் பேனல் ஒன்றை மாட்டுவது அதைவிட எவ்வளவோ மலிவு.

குடிநீருக்கான இந்தியத் தர அளவு 500 டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு), வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை. கிழக்குப் பக்கப் போர்களில் ஆயிரத்தைத் தாண்டுவது சாதாரணம். ஆர்.ஓ. பொருத்தினால் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்று லிட்டர் கழிவாகப் போகும். நாளுக்கு 20 லிட்டர் குடிக்க எடுத்தால் 60 லிட்டர். அந்தக் கழிவு நீரில் உப்பு இன்னும் கூடுதல், செடிக்கு ஊற்றினால் இலை நுனி கருகும். தரை துடைக்க, கழிப்பறைக்கு என்று ஒரு வாளியில் பிடித்து வையுங்கள். கீசர் கம்பியில் வெள்ளைப் படிவு பிடித்தால் தண்ணீர் சூடாக நேரம் பிடிக்கும், கம்பி சீக்கிரம் எரியும். ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்யவேண்டும். 20 லிட்டர் கேன் வாங்குகிறவர்கள் ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. அது உப்பைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

வேலை செய்யும் இடம்

பொதட்டூர்பேட்டை, நகரி, புத்தூர் பக்கம் விசைத்தறிக் கொட்டகைகளில் வெயில் நேராகக் கூலியைக் குறைக்கிறது. பருத்தி நூலுக்கு ஈரம் வேண்டும். காற்றில் ஈரப்பதம் 70 சதவீதம் இருந்தால் இழை உறுதியாக நிற்கும். ஏப்ரல் பிற்பகலில் அது 25, 30க்கு இறங்கும்போது பாவு இழை முறுக்கு விறைத்து அடிக்கடி அறும். ஒவ்வொரு முறையும் தறியை நிறுத்தி, அறுந்த நுனியைத் தேடி, முடிச்சுப் போட்டு, அச்சுப்பல்லில் கோர்த்து மீண்டும் ஓட்டவேண்டும். கூலி மீட்டருக்கு, அல்லது புடவைக்கு. நின்ற நேரத்துக்குக் காசில்லை. மின்விசிறி போட்டால் பாவு இன்னும் காயும், பஞ்சும் பறக்கும், ஆகவே விசிறியும் இல்லை. தரையில் தண்ணீர் தெளிப்பதும் ஈரச்சாக்கு தொங்கவிடுவதும்தான் வழி. தண்ணீர் வாங்கித் தெளிக்கும் நிலை வந்தபிறகு பலர் பிற்பகலில் தறியை நிறுத்திவிட்டு அதிகாலை நாலு மணிக்கு ஓட்டுகிறார்கள். அந்த நேரத்தில் தறிச் சத்தம் பக்கத்து வீட்டுத் தூக்கத்தைக் கெடுக்கிறது, சண்டை வருகிறது.

கட்டட வேலை, சரக்கு இறக்குதல், டெலிவரி என்று வெளியில் உழைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. அந்த நிலைக்குப் போகாமல் பார்ப்பதுதான் முக்கியம். தலைசுற்றல், பிடிப்பு, குமட்டல் என்றால் நிழலுக்குப் போய் ஓ.ஆர்.எஸ். ஒரு பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவேண்டும். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, தலைதட்டி அளந்து. பேச்சு குழறினால், ஆள் மாறிப் பேசினால், உடம்பு நெருப்பாகக் கொதித்தால் அது வெப்ப வாதம் (ஹீட் ஸ்ட்ரோக்). வியர்க்கிறதே என்று விட்டுவிடக் கூடாது, உழைக்கும்போது வரும் வெப்ப வாதத்தில் வியர்வையும் இருக்கும். 108ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை சும்மா நிற்காமல் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறவேண்டும். நினைவு தடுமாறுபவருக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

இரண்டு மாநிலக் காகிதம்

1960இல் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி இந்தப் பக்கமும் சத்தியவேடு அந்தப் பக்கமும் போயின. வீட்டில் தமிழ், அலுவலகத்தில் தெலுங்கு என்று வாழும் குடும்பங்கள் அங்கே ஏராளம், சம்பந்தம் கொண்டான் கொடுத்தான் எல்லாம் இரு பக்கமும் உண்டு. காகிதத்தில் மட்டும் அது பொருந்தாது. ஒரு மாநில வண்டியை இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் பழைய ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று வாங்கி, புதிய பதிவும் சாலை வரியும் கட்டவேண்டும். அரசு மருத்துவக் காப்பீடு அந்தந்த மாநில ரேஷன் அட்டைக்கு உரியது. சத்தியவேட்டில் அட்டை வைத்திருப்பவர் சென்னை மருத்துவமனை ஒன்றில் சேரும்போது, அந்த மருத்துவமனை ஆந்திரத் திட்டத்தில் சேர்ந்ததா என்று முன்னதாகவே பார்க்கவேண்டும். ஆந்திரம் 2019இல் தொழிற்சாலை வேலைகளில் 75 சதவீதம் உள்ளூராருக்கு என்று சட்டம் இயற்றியது. எல்லைக்கு ஐந்து கி.மீ. இந்தப் பக்கம் பிறந்த பையன் அந்தக் கணக்கில் வெளியூர்க்காரன்.

இவ்வளவு வெயிலடிக்கும் நிலத்தில்தான் கார்த்திகையில் வெள்ளம் வருகிறது. மேட்டு நிலம் ஆந்திரத்தில், பள்ளம் இங்கே. பிச்சாட்டூர் அணை திறந்தால் ஆரணியாற்றில் சுருட்டப்பள்ளி தாண்டி ஊத்துக்கோட்டைக்குத் தண்ணீர் வரும், கிருஷ்ணாபுரம் அணை திறந்தால் பள்ளிப்பட்டுப் பக்கத் தரைப்பாலங்கள் மூழ்கும். முன்பு அந்த நீரை வாங்கிக்கொள்ள ஏரிகள் இருந்தன: வரத்துக் கால்வாய், மதகு, கலங்கல் என்று ஒன்று நிரம்பி அடுத்ததற்குப் போகும் சங்கிலி. கால்வாயின் மேல் மண் கொட்டி மனை போட்டதும் சங்கிலி அறுந்தது. ஏரிக்குத் தண்ணீர் போகாததால் கோடையில் கிணறு வற்றுகிறது, போக வழியில்லாத அதே தண்ணீர் மழையில் தெருவில் நிற்கிறது.

மனை வாங்குவோர் பட்டாவோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. அந்த சர்வே எண்ணுக்கு ‘அ’ பதிவேட்டையும் புல வரைபடத்தையும் எடுத்து, பக்கத்து எண்கள் என்னவென்று பாருங்கள். ஓடை, வாய்க்கால், ஏரி உள்வாய் என்று ஒட்டியே வந்தால் தண்ணீர் உங்கள் மனை வழியாகத்தான் போகும். ஆந்திரப் பக்கம் அடங்கல், 1-பி என்ற நிலப் பதிவேடுகள் இதே வேலைக்கு. அங்கீகாரமில்லாத மனைப்பிரிவுகளில் 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவான மனைகளுக்குத்தான் தமிழ்நாடு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. அதற்குப் பிந்தையதை ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று விற்றால் வாங்காதீர்கள். காகிதம் எல்லாம் சரியாக இருந்தாலும் தெருவில் ஒரு நடை நடந்து பாருங்கள். பக்கத்து வீடுகளில் மோட்டார் ஸ்விட்ச் போர்டும் கரண்ட் மீட்டரும் நெஞ்சு உயரத்துக்கு மேலே ஏற்றப்பட்டு, கீழே பழைய துளை சிமென்ட்டால் அடைத்த அடையாளம் இருந்தால், எந்த வருஷத் தண்ணீரில் ஏற்றினார்கள் என்று அந்த வீட்டுப் பெரியவரிடம் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.